அப்பாவின் இணையதளம் தொலைந்ததும், நான் வேர்ட்பிரஸ் கற்றுக்கொண்டதும்

என் அப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்திலேயே ஞாயிற்றுக்கிழமை ஆனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அம்பாசமுத்திரத்தைச் சுற்றியுள்ள குளம், அணைக்கட்டு, மடை, சின்னச் சின்னக் கோயில் என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து, அங்கே இருக்கும் பெரியவர்களிடம் பேசி, நோட்டில் எழுதிக்கொண்டு வருவார். கன்னடியன் கால்வாயைப் பற்றி மட்டும் 14 கட்டுரைகள் எழுதியிருக்கிறார். மொத்தம் 214. ஓய்வுக்குப் பிறகு அதையெல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தானே தட்டச்சு செய்து சிடியில் போட்டு வைத்திருந்தார். இதை ஒரு இணையதளமாக ஆக்கிக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. நான் பி.காம் படித்து சென்னையில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன், கணினி என்றால் எனக்கு எக்செல்தான். அதனால் 2019-ல் தெரிந்தவர் மூலமாக ஒரு டெவலப்பரைப் பிடித்து, 15,000 ரூபாய் கொடுத்து, வருடத்துக்கு 6,000 பராமரிப்பு என்று பேசி, ஜூன் மாதம் வேர்ட்பிரஸில், அதாவது நிரல் எழுதத் தெரியாதவர்களும் இணையதளம் நடத்த உதவும் மென்பொருளில், தளத்தைத் தொடங்கினோம். இரண்டு வருடத்தில் அந்தத் தளம் எங்கள் கையை விட்டுப் போய்விட்டது. எப்படிப் போனது, அதன் பிறகு நான் என்னவெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்பதை வரிசையாக எழுதுகிறேன். எனக்கு இதை யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும்.

முதல் ஒன்றரை வருடம் நன்றாகத்தான் போனது. பாமினியை யூனிகோடாக (எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் எழுத்து முறை) மாற்றும் கருவியில் போட்டு, இடையில் ஆங்கில வார்த்தை வந்த இடமெல்லாம் தமிழ் எழுத்துக் குப்பையாக மாறியிருக்கும், அதைத் திருத்தி, வாரம் ஒன்று இரண்டு என்று 96 கட்டுரைகள் ஏற்றிவிட்டோம். கருத்துகள் வர ஆரம்பித்தன. அப்பாவுக்கு அதுதான் பெரிய சந்தோஷம். ஒரு குளத்தைப் பற்றிய கட்டுரைக்குக் கீழே, கல்லிடைக்குறிச்சியில் இருந்து ஒரு பேரன் தன் தாத்தா சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்து, அந்தக் குளத்தின் பதினோரு மடைகளின் பழைய பெயர்களை வரிசையாகப் போட்டிருந்தார். அப்பா இத்தனை வருடம் தேடியும் கிடைக்காத பெயர்கள் அவை. அன்றைக்கு ராத்திரி எனக்கு போன் செய்து பதினொன்றையும் படித்துக் காட்டினார். நான் கேட்டுவிட்டு "சூப்பர் அப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒரு தாளில் எழுதி வைக்கத் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை, அதுதான் இணையத்தில் இருக்கிறதே.

2021 பிப்ரவரியில் சித்தப்பா மகன் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். கூகிளில் எங்கள் தளத்தின் பெயரைத் தேடினால் கட்டுரைத் தலைப்புகள் வர வேண்டிய இடத்தில் ஜப்பானிய எழுத்துகள், ஏதேதோ பொருட்களை விற்கும் பக்கங்கள். நான் நேராகத் தளத்தைத் திறந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. அதனால் கூகிளில்தான் ஏதோ கோளாறு என்று இரண்டு வாரம் சும்மா இருந்துவிட்டேன். இது பெரிய தவறு. ஹேக்கர்கள் செய்யும் இந்த மாதிரி ஊடுருவலில் மனிதர்கள் வந்தால் பழைய பக்கத்தையும், தேடுபொறி வந்தால் அவர்கள் நுழைத்த பக்கத்தையும் காட்டும்படிதான் செய்து வைப்பார்கள். கூகிளில் "சைட்" என்று ஆங்கிலத்தில் போட்டு, முக்காற்புள்ளி வைத்து, உங்கள் முகவரியைச் சேர்த்துத் தேடுங்கள். உங்கள் தளத்தில் என்னென்ன பக்கங்கள் இருப்பதாக அது நினைக்கிறது என்று தெரிந்துவிடும். மாதம் ஒருமுறை இதைச் செய்தால் போதும். தளம் வைத்திருப்பவர்களுக்காகக் கூகிள் நடத்தும் சர்ச் கன்சோலில் தளத்தைப் பதிந்து வைத்தால் இப்படிப்பட்ட விஷயம் அதன் கண்ணில் படும்போது மின்னஞ்சலே அனுப்பும். எங்கள் தளம் அதில் பதியப்படவே இல்லை.

அப்பா அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "நான் எங்கயாவது தப்பா அமுக்கிட்டனாம்மா?" என்றார். எழுபது வயது மனிதர், தன்னால்தான் கெட்டுப்போனது என்று ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அவருக்குத் தரப்பட்டிருந்தது எடிட்டர் என்ற நிலையிலான லாகின். அதை வைத்துக் கட்டுரை எழுதலாம், திருத்தலாம், அவ்வளவுதான். தளத்தின் தோற்றத்தைத் தரும் தீம், கூடுதல் வசதி சேர்க்கும் பிளகின் இரண்டையும் தொடக்கூட முடியாது. இது தெரிந்திருந்தால் அந்த நிமிடமே அவருக்குத் தைரியம் சொல்லியிருப்பேன். வேர்ட்பிரஸில் அட்மினிஸ்ட்ரேட்டர், எடிட்டர், ஆதர் என்று படிநிலைகள் இருக்கின்றன என்பதே எனக்குத் தெரியாது. பணம் கொடுத்த எங்களுக்கு டெவலப்பர் எடிட்டர் லாகின் மட்டும் கொடுத்திருக்கிறார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

டெவலப்பர் முதலில் ஹோஸ்டிங்காரர்கள் (தளத்தை வைக்க இணையத்தில் இடம் வாடகைக்குத் தருபவர்கள்) மேல் பழி சொன்னார், பிறகு பார்க்கிறேன் என்றார், பிறகு போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். கடைசியாகப் பேசியபோது கெஞ்சி ஹோஸ்டிங் கடவுச்சொல்லை மட்டும் வாங்கினேன். அதை வைத்து வேறொருவரிடம் 8,000 ரூபாய் கொடுத்துச் சுத்தம் செய்தோம். பதினோராவது நாள் அதே ஜப்பானிய எழுத்துகள் திரும்பி வந்தன. சுத்தம் செய்தவர்தான் உண்மையான காரணத்தை விளக்கினார். பணம் கொடுத்து வாங்க வேண்டிய தீம் ஒன்றை டெவலப்பர் எங்கோ இலவசமாக இறக்கிப் போட்டிருக்கிறார், நல்ட் தீம் என்கிறார்கள். வேர்ட்பிரஸ், யாரும் எடுத்து மாற்றிப் பகிரலாம் என்னும் ஜிபிஎல் உரிமத்தில் வருவதால் நிரலைப் பகிர்வதே குற்றம் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் பகிர்ந்தவர் உள்ளே எதைச் சேர்த்தார் என்பது நமக்குத் தெரியாது. எங்களுடையதில் வெளியாள் ரகசியமாக நுழைய ஒரு பின்கதவு இருந்தது. படங்கள் மட்டுமே இருக்க வேண்டிய அப்லோட்ஸ் ஃபோல்டருக்குள் பிஎச்பி நிரல் கோப்புகள் கிடந்தன. அது போதாதென்று அந்த ஒரே ஹோஸ்டிங் கணக்கில் டெவலப்பர் இன்னும் எட்டு ஒன்பது பேருடைய தளங்களை வைத்திருந்தார். ஒன்றைக் கழுவினால் பக்கத்தில் இருப்பதில் இருந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும். மார்ச் கடைசியில் ஹோஸ்டிங் நிறுவனம் கணக்கையே முடக்கிவிட்டது.

இங்கே நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும், நான் அதிகம் வருந்துவது இதற்குத்தான். அந்தக் கடவுச்சொல் என் கையில் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தது. ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலுக்குள் போய், தரவுத்தளத்தைக் காட்டும் பிஎச்பி மைஅட்மினைத் திறந்து, எக்ஸ்போர்ட் என்ற ஒரே பொத்தானை அமுக்கியிருந்தால் 96 கட்டுரைகளும் எல்லாக் கருத்துகளும் ஒரு கோப்பாக என் கணினிக்கு வந்திருக்கும். பத்து நிமிட வேலை. கட்டுரையும் கருத்தும் தரவுத்தளத்தில் இருக்கின்றன, படங்களும் தீமும் கோப்புகளாகத் தனியே இருக்கின்றன, இரண்டையும் தனித்தனியாக எடுக்க வேண்டும் என்ற அடிப்படை விஷயம் எனக்குத் தெரியாது. சுத்தம் செய்ய வந்தவரும் பிரதி எடுத்துக் கொடுக்கவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. உங்கள் தளத்தில் ஏதாவது தப்பாகத் தெரிந்தால் யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால் பிரதி எடுங்கள். கிருமி உள்ள பிரதியாக இருந்தாலும் பரவாயில்லை, எழுத்து அதற்குள் இருக்கும்.

அடுத்த அடி ஆகஸ்டில் விழுந்தது. சரி, புது ஹோஸ்டிங் வாங்கி அதே முகவரியில் மறுபடி ஆரம்பிப்போம் என்று பார்த்தால் டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், ஜூனிலேயே காலாவதியாகியிருந்தது. தளம் முடங்கியே கிடந்ததால் எங்களுக்குத் தெரியவில்லை. புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல்கள் எல்லாம் டெவலப்பருக்குப் போயிருக்கின்றன, ஏனென்றால் டொமைனைத் தன் பெயரில்தான் பதிந்திருக்கிறார். டாட் காம் முகவரி காலாவதியானால் உடனே போய்விடாது. டொமைனைப் பதிந்து தரும் பதிவாளர் நிறுவனங்களில் பெரும்பாலானவை சில வாரம் பழைய விலையிலேயே புதுப்பிக்க விடும், 45 நாள் வரைகூட. அதற்குப் பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதில் கட்டணம் பல மடங்கு. அப்புறம் ஐந்து நாள் கழித்து யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் அந்த 30 நாளுக்குள் இருந்தோம். எவ்வளவு கேட்டாலும் கட்டத் தயாராக இருந்தேன். ஆனால் பதிவாளர் நிறுவனம், யார் பெயரில் பதிந்திருக்கிறதோ அவர்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அவர்கள் மேல் தப்பில்லை, எனக்கும் அந்த முகவரிக்கும் சம்பந்தம் உண்டு என்று காட்ட என்னிடம் ஜிபே ரசீது தவிர எதுவும் இல்லை. டெவலப்பரின் வீட்டு முகவரி தேடி வளசரவாக்கம் வரை போய்ப் பார்த்தேன், காலி செய்துவிட்டுப் போயிருந்தார். செப்டம்பரில் வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். இன்று அந்த முகவரியைத் தட்டினால் ஒரு சூதாட்ட விளம்பரம் வருகிறது. அப்பாவின் விசிட்டிங் கார்டில் அந்த முகவரிதான் இருந்தது, இருநூறு கார்டையும் அவரே கிழித்துப் போட்டார்.

இந்தச் சமயத்தில்தான் வேர்ட்பிரஸ் எப்படி வந்தது என்று படித்தேன். பி2 என்ற ஒரு மென்பொருள், எழுதியவர் அதைத் தொடராமல் விட்டுவிட்டார். 2003-ல் மேட் முல்லன்வெக் என்ற பத்தொன்பது வயதுப் பையனும் மைக் லிட்டிலும் அதை எடுத்து வளர்த்து வேர்ட்பிரஸ் ஆக்கினார்கள். உரிமம் அதற்கு இடம் கொடுத்தது. அதைப் படித்தபோது அழுகையே வந்தது. ஒருவர் கைவிட்ட மென்பொருளை முன்பின் தெரியாதவர்கள் எடுத்து இருபது வருடம் காப்பாற்ற முடிகிறது, எங்கள் அப்பா எழுதியதை எங்களால் எடுக்க முடியவில்லை. மென்பொருள் எல்லோருக்கும் சொந்தம்தான், ஆனால் டொமைன், ஹோஸ்டிங், அட்மின் லாகின் இந்த மூன்றும் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் தளம் சொந்தம். யாரிடம் வேலை கொடுத்தாலும் கொடுங்கள், டொமைனை உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில், உங்கள் கார்டில் நீங்களே வாங்குங்கள். ஏற்கெனவே வேறொருவர் வாங்கியிருந்தால் இன்றைக்கே ஹூஇஸ் என்ற டொமைன் விவரத் தேடலில் போட்டு எந்த நிறுவனத்தில் பதிவாகியிருக்கிறது, எந்தத் தேதியில் முடிகிறது என்று பார்த்து, உறவு நன்றாக இருக்கும்போதே உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள்.

அக்டோபரில் நானே கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். ஆபீஸ் முடிந்து ராத்திரி ஒன்பதரை மணிக்கு மேல்தான் நேரம், அப்படியே ஏழு மாதம் போனது. நல்ல வேளையாக ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தேன். பணம் கட்டி ஹோஸ்டிங் வாங்காமல், 4 ஜிபி ரேம் உள்ள பழைய மடிக்கணினியில், கணினியையே சர்வராக்கும் சாம்ப் மென்பொருளைப் போட்டு, அதற்குள்ளேயே வேர்ட்பிரஸை நிறுவி, இரண்டு மாதம் அதிலேயே பழகினேன். வேண்டுமென்றே கெடுத்துப் பார்ப்பேன். முதல் முறை தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் ஒரு அரைப்புள்ளியை விட்டுவிட்டு முழுத் திரையும் வெள்ளையானபோது கை நடுங்கியது, அது என் சொந்தக் கணினியில் இருந்தும்கூட. ஒரு பிளகினால் உள்ளே நுழையவே முடியாமல் போனால் கோப்பு மேலாளரில் அந்தப் பிளகினின் ஃபோல்டர் பெயரை மாற்றினால் போதும், அது தானாக அணைந்துவிடும் என்று தெரிந்துகொண்ட நாளில்தான் எனக்குப் பாதி பயம் போனது. தீமின் கோப்பில் நேராகக் கை வைத்தால் அடுத்த அப்டேட்டில் நாம் செய்த மாற்றம் எல்லாம் அழிந்துவிடும், அதற்குச் சைல்ட் தீம், அதாவது நம் மாற்றங்களை மட்டும் தனியாக வைக்கும் துணைத் தீம், போட வேண்டும் என்பதையும் ஒருமுறை அழிந்த பிறகுதான் கற்றேன்.

எல்லாம் தயாராகி, நிஜ ஹோஸ்டிங்குக்கு மாற்றும்போது ஒரு ஞாயிறு முழுதும் போனது. தரவுத்தளக் கோப்பில் என் கணினியைக் குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் என்று இருந்த இடமெல்லாம் புது முகவரியை நோட்பேடில் மாற்றி ஏற்றினேன். தளம் வந்தது, ஆனால் விட்ஜெட்டுகளும் (பக்கத்தின் ஓரத்திலும் கீழேயும் வரும் சின்னப் பெட்டிகள்) தீம் அமைப்புகளும் காணவில்லை. வேர்ட்பிரஸ் சில அமைப்புகளைச் சேமிக்கும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் எத்தனை எழுத்து என்ற எண்ணிக்கையையும் பக்கத்தில் எழுதி வைக்கிறது. நாம் சொல்லை மாற்றினால் எண்ணிக்கை பொருந்தாமல் போய், அந்த அமைப்பையே படிக்காமல் விட்டுவிடுகிறது. இதற்கென்று இருக்கும் பிளகினையோ வேர்ட்பிரஸைக் கட்டளைகளால் இயக்கும் டபிள்யூபி-சிஎல்ஐ கருவியையோ பயன்படுத்தினால் எண்ணிக்கையையும் சேர்த்து மாற்றிக் கொடுக்கும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கலை யாரும் எனக்குச் சொல்லவில்லை. தலைப்பைத் தமிழில் போட்டால் வேர்ட்பிரஸ் அதையே பக்கத்தின் முகவரியாக வைத்துக்கொள்ளும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது எழுத்தாக விரிகிறது, முகவரிக்கு இடமோ 200 எழுத்துதான். அதனால் சுமார் 22 குறியீடுகளில் வெட்டிவிடும், அதுவும் புள்ளியும் கொம்பும் தனித்தனியாகக் கணக்கு. கன்னடியன் என்ற சொல்லே ஒன்பதைத் தின்றுவிடுகிறது. கன்னடியன் கால்வாய் என்று தொடங்கும் கட்டுரைகளின் முகவரியெல்லாம் பாதியில் வெட்டுப்பட்டு, கடைசியில் 2, 3 என்ற எண்ணோடு நின்றன. வாட்ஸப்பில் பகிர்ந்தால் சதவீதக் குறியும் எண்களுமாக ஒரு பக்கத்துக்கு நீண்டது. இப்போது தலைப்பு தமிழில், முகவரி மட்டும் சுருக்கமாக ஆங்கில எழுத்தில் என்று வைத்துக்கொள்கிறேன். முதல் கட்டுரை ஏற்றும் முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள், பிறகு மாற்றினால் பகிர்ந்த இணைப்புகள் அறுந்துபோகும் வாய்ப்பு உண்டு.

இன்னொன்று, இதில் மூன்று மாதம் போனது. தளம் 2022 மே மாதம் வெளியானது, ஆகஸ்ட் வரை கூகிளில் ஒரு பக்கம்கூட வரவில்லை. பழைய ஊடுருவலின் பாவம்தான் தொடர்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். செட்டிங்ஸில் ரீடிங் என்ற பகுதியில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. பழகும்போது அதில் டிக் போட்டிருந்தேன், எடுக்க மறந்துவிட்டேன்.

பிரதி எடுப்பதில் நான் இப்போது பிடிவாதக்காரி. அப்டிராஃப்ட் பிளஸ் என்ற பிளகினைப் போட்டு வாரம் ஒருமுறை கூகிள் டிரைவுக்குப் போகும்படி வைத்திருக்கிறேன், மாதம் ஒருமுறை ஒரு பென் டிரைவில். ஆரம்பத்தில் பிரதியை அதே ஹோஸ்டிங்குக்குள் வைத்திருந்தேன், வீடு எரிந்தால் பத்திரமும் சேர்ந்து எரியும் என்பது அப்போது உறைக்கவில்லை. முக்கியமாக, எடுத்த பிரதியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழைய மடிக்கணினியில் ஏற்றிப் பார்க்கிறேன். முதல் தடவை ஏற்றியபோது படங்கள் எதுவும் வரவில்லை, அப்லோட்ஸ் பகுதியைத் தேர்வு செய்யாமலே பல வாரம் பிரதி எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஏற்றிப் பார்க்காமல் இருந்திருந்தால் தேவைப்படும் நாளில்தான் தெரிந்திருக்கும். பிளகின்கள் ஒரு சமயம் 23 இருந்தன, இப்போது ஏழு. அட்மின் என்ற பயனர் பெயரையே வைக்கவில்லை, இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டிருக்கிறேன். முகவரியை https என்று தொடங்க வைக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பில் இருந்து இலவசமாகவே கிடைக்கிறது, அதற்கென்று யாராவது பணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். ஹோஸ்டிங் முதல் வருடம் 1,800, புதுப்பிக்கும்போது 5,400 ஆனது. வாங்கும் பக்கத்திலேயே சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள், நான் கவனிக்கவில்லை. டெவலப்பருக்கும் சுத்தம் செய்தவருக்கும் போனது மொத்தம் 29,000.

அப்பாவுக்கு உள்ளே எல்லாம் தமிழில் வருகிறது. ஒவ்வொரு பயனருக்கும் தனி மொழி வைக்கலாம், அவருக்குத் தமிழ், எனக்கு ஆங்கிலம். கட்டம் கட்டமாக வரும் புது எடிட்டர், அதாவது கட்டுரை எழுதும் திரை, அவருக்குப் பிடிபடவில்லை, கிளாசிக் எடிட்டர் பிளகினைப் போட்டுக் கொடுத்தேன், இப்போது என் உதவி இல்லாமலே எழுதி வெளியிடுகிறார். சிடியில் இருந்த பாமினிக் கோப்புகளை மறுபடி முதலில் இருந்து மாற்றுகிறோம், 161 முடிந்திருக்கிறது.

போன கருத்துகளை மீட்க என்னால் முடிந்ததெல்லாம் பார்த்தேன். இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் பழைய முகவரியைப் போட்டபோது 61 பக்கங்கள் சேமிக்கப்பட்டிருந்தன, சிலவற்றில் கருத்துகளும் இருந்தன. உங்களுக்கு இப்படி ஆனால் முதலில் அங்கே போய்த் தேடுங்கள். உங்கள் தளம் நன்றாக இருக்கும்போதே முக்கியமான பக்கங்களை அங்கே நீங்களே சேமிக்கவும் முடியும், ஒரு பைசா செலவில்லை. அந்தக் குளத்துக் கட்டுரையும் இருந்தது. ஆனால் அது சேமிக்கப்பட்ட தேதி, அந்தப் பேரன் கருத்து எழுதியதற்கு ஒன்பது நாள் முன்னால். அப்பா இரண்டு முறை கல்லிடைக்குறிச்சிக்குப் போய் விசாரித்தார், பேரனின் பெயர் மட்டும் தெரிந்து வீட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பதினொன்றில் நான்கு பெயர்கள் அப்பாவுக்கு ஞாபகம் இருக்கின்றன. கட்டுரையை அந்த நான்கோடு மறுபடி வெளியிட்டிருக்கிறோம். மீதி ஏழு மடைகளுக்கும் எண் மட்டும் போட்டு, எதிரே இடத்தைக் காலியாக விடச் சொல்லிவிட்டார்.